கணினியும் கூட்டுப் படிப்பும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



விழா தொடங்குவதற்கு முன் ஒரு தாயார் என்னிடம் வந்தார். "ஐயா, நாலு பிள்ளைங்க ஒரே கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்காங்களே, அது படிப்பா, விளையாட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்தச் சில நிமிடங்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நன்மையைப் பார்ப்போம். ஒரு பாடத்தை இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே அது எவ்வளவு தெரியும் என்பது விளங்கும். சேர்ந்து படிப்பதன் பெரும்பயன் அது. அதற்குக் கணினி எப்படித் துணை செய்யும்? 1980களில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் மார்லின் ஸ்கார்டமாலியா, கார்ல் பெரைட்டர் என்னும் இரு கல்வியாளர்கள், வகுப்பு முழுவதற்கும் பொதுவான ஒரு குறிப்பேட்டைக் கணினியில் அமைத்தார்கள். ஒரு பிள்ளை தன் எண்ணத்தை எழுதும். இன்னொரு பிள்ளை அதைப் படித்துவிட்டு 'ஏன் அப்படி?' என்று கேட்கும். மூன்றாவது பிள்ளை விளக்கம் சேர்க்கும். வாயால் பேசியது காற்றோடு போய்விடும், எழுதியது நிற்கும். வகுப்பில் எழுந்து பேசக் கூச்சப்படும் பிள்ளையும் அதிலே எழுதும். யார் எதை எழுதினார் என்பது ஆசிரியருக்கும் தெரியும்.

நம்மவர்க்கு இன்னுமொரு நன்மை உண்டு. நாட்டில் 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள தமிழ்ப்பள்ளிகள் பல. சில வகுப்புகளில் ஐந்தாறு பிள்ளைகள்தாம். அந்தப் பிள்ளைகள் வேறு மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே கட்டுரையை எழுதக் கணினி வழி செய்கிறது.

இனிக் குறையைப் பார்ப்போம். பிறர் கதை வேண்டாம். என் தவற்றையே சொல்கிறேன். நான் ஐந்தாம் ஆண்டு ஆசிரியராக இருந்தபோது, மாணவர்களை நான்கு நான்கு பேராகக் கணினி முன் உட்கார வைத்து, தோட்டத்து ஆற்றைப் பற்றி எழுதச் சொன்னேன். வாரக் கடைசியில் எல்லாக் குழுக்களும் அழகாக முடித்திருந்தன. எனக்கோ ஒரே பெருமை! ஒரு மாணவியிடம், "நீ செய்த பங்கைக் காட்டம்மா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். "நான் பார்த்துக்கிட்டு இருந்தேன் சார்" என்றாள்.

ஐந்து நாளும் அவள் விசைப்பலகையைத் தொடவே இல்லை. வீட்டில் கணினி உள்ள பையன் ஒருவனே எல்லாவற்றையும் செய்துவிட்டான். நானோ நால்வருக்கும் ஒரே மதிப்பெண் போட்டிருந்தேன். குற்றம் அந்தப் பையன்மீதும் இல்லை, கணினிமீதும் இல்லை. ஏற்பாடு செய்த என்மீதுதான்.

அன்று இரவு எனக்குப் பால்மரத் தோட்டம் நினைவுக்கு வந்தது. இன்று பல தோட்டங்களில் செம்பனை வந்துவிட்டாலும், பெரியவர்களுக்கு மறந்திருக்காது. ஒவ்வொருவருக்கும் தனி நிரை. அவரவர் கொண்டுவந்த பாலை அளந்து, கிராணியார் அவரவர் பெயருக்கு நேரே எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் எல்லாப் பாலும் ஒரே தொட்டியில் கலக்கும். கூட்டுப் படிப்பும் அப்படித்தான் நடக்க வேண்டும். தொட்டி பொதுவாக இருக்கலாம்; நிரை தனித்தனியாக இருக்க வேண்டும்.

மறுவாரம் ஆளுக்கொரு வேலை கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது, பெரியவர்களிடம் பழைய ஆற்றைப் பற்றிக் கேட்டு எழுதும் வேலை. பாட்டியிடம் கேட்டு, தட்டித் தட்டி ஒரு பக்கம் எழுதினாள். மற்ற மூவரும் அவளிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது!

1999-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 87 பள்ளிகளில் பெஸ்தாரிப் பள்ளித் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. அதன் பிறகு பள்ளிகளுக்குக் கணினிகள் எத்தனையோ வந்தன. கணினி வந்தால் மட்டும் போதாது என்பதை 2020-ஆம் ஆண்டு காட்டியது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் வகுப்பு வீட்டுக்குள் வந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு. வசதி உள்ள பிள்ளை முன்னே போனது, இல்லாத பிள்ளை பின்தங்கியது. அதனால்தான் சொல்கிறேன், கூட்டு வேலையைப் பள்ளி நேரத்திலேயே, எல்லார் கைக்கும் கருவி கிடைக்கும்படி நடத்துவதே நேர்மை.

இன்னும் சில குறைகள் உண்டு. பார்த்து எழுதுவது எளிதாகிவிடும். கவனம் விளையாட்டுப் பக்கம் போய்விடும். முகம் பார்த்துச் சொல்லத் தயங்கும் சுடுசொல்லைத் திரையில் எழுதிவிடுவார்கள். இவற்றைக் கண்காணிக்க ஆசிரியருக்கு வேலை இரட்டிப்பாகும்.

ஆகவே அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அது படிப்பா விளையாட்டா என்பது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே வேலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பெற்றோர்களே, பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதற்கு முன், "நீ என்ன செஞ்ச?" என்று கேளுங்கள். மாணவச் செல்வங்களே, பக்கத்தில் ஒருவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுங்கள்.