உளுந்துப் பூ கொட்டாமல் இருக்க
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது வயலில் உளுந்து விதைக்கிறோம். நெல்லை அறுத்த பிறகு மிச்ச ஈரத்திலும் பனியிலும்தான் அது வளரணும். தண்ணி பாய்ச்சுவதில்லை, அடியுரமும் இல்லை. 30, 35 நாளில் பூ எடுக்கும்போது மேல்மண் காய்ந்து கிடக்கும். அப்போது மண்ணில் உரம் போட்டால் வேர் எடுக்காது. வேர்முடிச்சு தருகிற தழைச்சத்தும் காய் பிடிக்கும் நேரம் குறைய ஆரம்பிக்கும். பூ கொட்டுதே என்று நாம் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் இலைவழியாக ஊட்டம் கொடுக்கச் சொல்கிறோம்.

வேளாண்மைத் துறை இதற்கு 2 சதவீத டி.ஏ.பி. கரைசலைச் சொல்கிறது. இயற்கை முறையில் செய்ய நினைப்பவர்களுக்குப் பஞ்சகவ்யா இருக்கு. இதைப் பயிருக்குப் பயன்படுத்தும் முறையைப் பரப்பியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன்.

பச்சைச் சாணம் 5 கிலோவோடு அரை லிட்டர் நெய்யைப் பிசைந்து, தினமும் கிளறி 4 நாள் வையுங்க. பிறகு கோமியம் 3 லிட்டர், பால் 2, புளித்த தயிர் 2, கரும்புச்சாறு 3, இளநீர் 3 லிட்டர், கனிந்த வாழைப்பழம் 12 சேர்த்து, காலை மாலை கலக்கி 15 நாள் விடணும். பிளாஸ்டிக் டிரம்மோ மண்பானையோ போதும், தகரம் வேண்டாம். நிழலில் வைத்து, ஈ முட்டையிடாமல் வலைத்துணி கட்டணும். விதைக்கும் அன்றே ஆரம்பித்தால் பூவுக்குத் தயாராகிவிடும்.

“பிள்ளைக்கே பால் இல்லை, செடிக்கு ஊத்தவா?” என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆளுக்கு ஒரு டிரம் போட வேண்டாம். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 6 லிட்டர், இரண்டு தடவைக்கு 12 லிட்டர் ஆகும். அரை ஏக்கர் வீதம் பயிர் வைத்த மூன்று பேருக்கு 18 லிட்டர். ஒரு டிரம்மே போதும். மாடு உள்ளவர் சாணம், கோமியம் கொடுக்கட்டும், மற்றவர்கள் நெய்ச் செலவை ஏற்கட்டும். கலக்கும் வேலைக்கு முறை வையுங்க. பணம் பற்றாவிட்டால் குழுவில் உள்கடன் எடுங்க, வெளியே வட்டிக்குப் போக வேண்டாம்.

10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. துணியில் நன்றாக வடிகட்டுங்க, இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு பாதி நாள் கூலி வீணாகும். முதல் பூ தெரியும்போது ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று. காலையிலோ சாயங்காலமோ அடிங்க, உச்சி வெயிலில் வேண்டாம். பூச்சிமருந்தோடு கலக்காதீங்க.

மஞ்சள் தேமல் வந்த செடிக்கு இது மருந்து இல்லை. அது வெள்ளை ஈ பரப்பும் நோய். அந்தச் செடியைக் கண்டதும் பிடுங்கிப் புதைத்துவிடணும்.

நாங்க சொன்னதற்காக முழு வயலுக்கும் அடிக்க வேண்டாம். இந்தத் தடவை ஒரு பாத்தியை அடிக்காமல் விடுங்க. பக்கத்தில் அதே அளவு இடத்தில் தெளித்ததைத் தனியாக அறுத்து, இரண்டையும் எடை போட்டு, குழு நோட்டில் எழுதிக் கொண்டு வாங்க.