காலை உணவும் நம் பிள்ளைகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நம் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பற்றி நாம் பேசாத ஆண்டில்லை. இவ்வாண்டு அவர்களுடைய உடல்நலத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

இரும்புச்சத்து எதில் உள்ளது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். முருங்கைக்கீரை, கம்பு, பேரீச்சம்பழம் என்று தயங்காமல் விடை வரும். காலையில் என்ன உண்டாய் என்று கேளுங்கள். தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் என்று தாழ்ந்த குரலில் விடை வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

தமிழகத்தில் காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1984இல் பத்தாம் வகுப்பு வரை எட்டியது. 2022இல் வந்த காலை உணவுத் திட்டமோ ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட பிள்ளையின் காலை உணவு வீட்டின் பொறுப்பாகும்.

அப்பொறுப்பில் தவறினால் விளைவது என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் 31 பேருக்கு. பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்குகிறார்களா என்று நாம் கேட்பதுண்டா? உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதனைக் கூட்டும். நம் வட்டாரத்தில் விளையும் கம்பும் வேர்க்கடலையும் கடைப் பொட்டலங்களைவிட மேலானவை.

வீட்டாரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. சுப்ஹுக்குப் பின் குர்ஆன் மதரஸாவுக்கு வரும் பிள்ளை, வகுப்பு முடிந்ததும் சீருடை மாற்றிக்கொண்டு வெறும் வயிற்றோடு பள்ளிக்கு ஓடுகிறது. நாம் வகுத்த நேரம் அது. ஆகவே இக்குறையில் நமக்கும் பங்குண்டு.

விளையாட்டும் அவ்வாறே. வளரும் பிள்ளைகள் நாள்தோறும் 60 நிமிடமேனும் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண் பிள்ளைகளை டியூஷனும் கைப்பேசியும் பிடித்துக்கொண்டன. பெண் பிள்ளைகளையோ பருவம் எய்தியதும் நாமே வீட்டில் அமர்த்திவிடுகிறோம். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸ் நூல்களில் இருப்பதை நாம் மறந்துவிட்டோம்.

எனவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறோம்: காலை மதரஸா அரை மணி முன்னதாக முடியட்டும், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் விளையாட்டுக்கென விடப்படட்டும், பெண் பிள்ளைகள் விளையாடத் தனியிடம் ஒதுக்கப்படட்டும். இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் இருந்தால் போதும்.

உடலும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே. அதனைப் பேணும் நற்பேற்றை நம் சந்ததியினருக்கு அவன் அருள்வானாக! ஆமீன்.