எவ்வளவு திரும்பி வரும்?

(ரிச்சர்ட்ஸ் டவுனில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் சங்கத்துக்கு வந்தவர்களில் இருவரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். ஒரு தோழர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இம்மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் ஒரு தொகை. போடாவிட்டால் என்ன என்பதைக் கடிதம் சொல்லவில்லை. இன்னொருவர் கார்மெண்ட்ஸில் ஆறு வருடம் வேலை செய்த ஒரு தங்கை. பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறார், பி.எப். கணக்கை மொத்தமாக முடித்துப் பணத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். கடைசியில் இருவரும் சொன்னது ஒரே வார்த்தை: "வேணும்னா அப்புறம் மாத்திக்கலாம் இல்லீங்களா?"

மாற்றிக்கொள்ளலாமா, எவ்வளவு மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் என் பேச்சு. நான் பொருளாதாரம் படித்தவனல்ல, எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆனால் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த ஒரு விஷயம் தினமும் கண்முன்னே நடக்கிறது.

டிக்கெட்டைக் கேன்சல் செய்ய ஒருவர் வருகிறார். முழுப் பணமும் திரும்புமா? திரும்பாது. ஒன்றுமே திரும்பாதா? அப்படியும் இல்லை. 2015 நவம்பரில் வந்த விதியைப் பாருங்கள். உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட்டை வண்டி புறப்பட 48 மணி நேரத்துக்கு முன் கொடுத்தால் ஆளுக்கு 120 ரூபாய் பிடித்தம். 48-க்கும் 12-க்கும் இடையில் என்றால் கட்டணத்தில் கால்பங்கு. 12-க்கும் 4-க்கும் இடையில் பாதி. அதற்குப் பிறகு ஒரு பைசா கிடையாது. விதி மாறும், தொகை மாறும்; ஆனால் இப்படிப் படிப்படியாக இறங்குகிற அமைப்பு மட்டும் மாறுவதில்லை. கவுண்டருக்கு முன்னால் நிற்பவரின் கஷ்டத்தைப் பார்த்து அந்தப் படி நிற்காது. வண்டியின் நேரத்தைப் பார்த்துத்தான் இறங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பணத்தில் பாதியாவது திரும்புகிறது. படுக்கை திரும்புவதில்லை. கேன்சல் செய்த மறுகணம் அது வெயிட்டிங் லிஸ்டில் காத்திருந்தவருக்குப் போய்விடுகிறது. "சார், மனசு மாறிட்டேன், அதே சீட்டைக் குடுங்க" என்று பத்து நிமிடத்தில் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவரும் வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும். தையல் மிஷின் வாங்கி மறுநாளே விற்கப் போனவர்களுக்கும் இது தெரியும். ஆக, "திரும்புமா, திரும்பாதா" என்று கேட்பது போதாது. எது திரும்பும், எவ்வளவு, எந்தத் தேதி வரை, யார் செலவில் என்று கேட்கவேண்டும்.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. 1986-க்கு முன் பெரிய பெரிய லெட்ஜரில் கையால் எழுதினார்கள் என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். டெல்லியில் தொடங்கிய கம்ப்யூட்டர் முன்பதிவு வளர்ந்து, 1999-இல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. அந்த மெஷினுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பெயர், வயது, படுக்கை, பணம் எல்லாம் பதிந்து "முடிந்தது" என்கிற புள்ளியைத் தாண்டும் முன் லைன் அறுந்தால், செய்ததையெல்லாம் அதுவே பின்வாங்கிக்கொள்ளும். படுக்கை பழையபடி காலியாகிவிடும். அந்தப் புள்ளியைத் தாண்டிவிட்டால் அழிக்காது. கேன்சல் என்று நாம் சொல்வது அழிப்பதல்ல, எதிர்ப்பதிவு ஒன்று போடுவது. கணக்குப் புத்தகத்தில் ரப்பர் வைத்து அழிக்கக்கூடாது, எதிர் வரவு எழுதவேண்டும் என்பார்களே, அதே முறை.

பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன் இதைக் கேட்டுவிட்டு இன்னும் ஒரு படி உள்ளே போனான். 1961-இல் ஐ.பி.எம். கம்பெனியின் ரோல்ப் லாண்டவர் என்பவர், கணிப்பொறியில் ஒரு தகவலை அழித்தால் குறைந்தபட்சம் இவ்வளவு வெப்பம் வெளியேறியே தீரும் என்று காட்டினாராம். 1973-இல் அதே கம்பெனியின் சார்லஸ் பென்னட், வந்த வழியின் குறிப்புகளை அழிக்காமல் வைத்திருந்தால் கணக்கைப் பின்னோக்கியும் நடத்த முடியும் என்று காட்டினாராம். விஞ்ஞானத்தை அவன் நன்றாகவே விளக்கினான். எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் நம்மவர்கள் தூக்கி எறியும் சம்பளச் சீட்டுகள்தான்.

இனி, நம் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஊருக்குப் போவோம். இந்தக் கூட்டத்திலேயே கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள் இருக்கிறீர்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை வண்டி பிடித்து, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறவர்களின் உறவினர்களும் இருக்கிறீர்கள்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத்தைத் தொடங்கியது. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் மக்கள் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி அங்கே போய் இறங்கினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. 1956-இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசுக்குப் போனது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் வந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள்.

நட்டம் என்றார்கள். அது பொய்யல்ல, அதை ஒப்புக்கொண்டே பேசுகிறேன். தங்கத்தை வெளியே எடுக்கும் செலவு அதன் விலையைவிட அதிகமாகத்தான் இருந்தது. என் கேள்வி வேறு. பஞ்சாலையை மூடினால், பூட்டைத் திறந்து எண்ணெய் போட்டு ஒருநாள் மறுபடி ஓட்டலாம். ஆழமான சுரங்கம் அப்படியல்ல. அங்கே இரவும் பகலும் பம்பு ஓடித் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். பம்பை நிறுத்தினால் அடிமட்டத்திலிருந்து தண்ணீர் ஏறும், இரும்பு துருப்பிடிக்கும், முட்டுக்கொடுத்த மரம் ஊறிப்போகும், பாறை நகரும். காகிதத்தில் "மூடுதல்" என்ற ஒரே சொல்தான். ஆலைக்கு அது பூட்டு, சுரங்கத்துக்கு அது சமாதி. உற்பத்தியை நிறுத்திவிட்டுப் பம்பையும் கூண்டையும் மட்டும் ஓட்டிப் பராமரிப்பில் வைத்திருக்கும் வழக்கம் உலகத்தில் உண்டு. அதற்குச் செலவு ஆகும். திரும்பும் வழியைத் திறந்து வைப்பதற்கு ஆகும் செலவு அது. நாளை என்ன ஆகும் என்று தெரியாதபோது, திரும்ப முடியாத காரியத்தைத் தள்ளிப்போடுவதற்கே ஒரு மதிப்பு உண்டு என்று கென்னத் ஆரோவும் அந்தோணி பிஷரும் 1974-இலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த மதிப்பைத் தங்கவயல் கணக்கில் யார் சேர்த்தார்கள்?

2001-இல் ஓர் அவுன்ஸ் தங்கம் 300 டாலருக்குக் கீழே. 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. இடையில் வழக்குகள் நடந்தன. 2013-இல் உலகளாவிய டெண்டர் விட உச்சநீதிமன்றம் அனுமதி கொடுத்தது. காகிதத்தில் முடிவு திரும்பிவிட்டது. கீழே தண்ணீர் திரும்பவில்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள். பூமிக்குள் இருக்கும் தங்கம் கெட்டுப்போகவில்லை. விலை ஏறினால் அது உடைமையாளருக்கு இன்னும் லாபம். நாற்பத்தைந்து வயதில் வெளியே வந்த சுரங்கத் தொழிலாளிக்கு என்ன திரும்பியது? கூண்டை இறக்கும் இன்ஜின் டிரைவரின் கைப்பழக்கமும், பாறையைத் தட்டிப் பார்த்தே ஆபத்தை அறிகிற காதும் எந்த டெண்டரில் வரும்? திரும்பக்கூடிய பங்கு முதலாளி பக்கம், திரும்பாத பங்கு நம் பக்கம். எந்த மூடுவிழாவிலும் இந்தப் பங்கீட்டைத்தான் நாம் முதலில் பார்க்கவேண்டும்.

இதற்காகத்தான் தொழிற்தகராறு சட்டத்தில் ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். மூடவேண்டுமானால் 90 நாள் முன்னதாக அரசிடம் அனுமதி கேட்கவேண்டும். 1976-இல் இது 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு வந்தது. 1982 திருத்தம் அதை 100 பேர் என்று இறக்கி இன்னும் பலரைக் காப்பில் சேர்த்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு மறுபடி 300 ஆக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நாம் பெற்ற உரிமையும் திரும்பிப் போகக்கூடியதுதான். இருநூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இப்போது அந்த அனுமதிப் படியே இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்லவேண்டும், நம் பெண்கள் செய்தது. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு, பி.எப்.பில் முதலாளி கட்டும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று அறிவிப்புப் போட்டது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூர் கார்மெண்ட்ஸ் பெண்கள் வேலையை விட்டு ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கினார்கள். ஏப்ரல் 19-ஆம் தேதியே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அறிவிப்பு முழுசாகத் திரும்பியது. தடியடிபட்டவர்களுக்கும் கைதானவர்களுக்கும் அப்படித் திரும்பவில்லை.

அந்தப் போராட்டம் நியாயம். கஷ்டத்தில் எடுக்க முடியாத பணம் நம் பணமா? ஆனால் எடுக்கும் உரிமை இருப்பதாலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடக்கூடாது, தங்கையே. 1995 நவம்பரில் வந்த ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷன் பெறப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். அதற்கு முன் வேலையை விட்டவர் பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால், அந்த ஆறு வருடம் கணக்கிலிருந்து போய்விடும். மறுபடி வேலைக்குச் சேர்ந்தால் பூஜ்யத்திலிருந்து எண்ணவேண்டும். எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால் ஆறு ஆறாகவே நிற்கும். பி.எப். பணத்தை அவசரத்துக்கு எடுங்கள். பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள். இரண்டும் தனித்தனி விண்ணப்பம் என்பதையே பல பேருக்கு யாரும் சொல்வதில்லை. ஏஜெண்ட் இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுகிறான்.

விருப்ப ஓய்வுத் தோழருக்கு: கொடுத்த கடிதத்தை வாபஸ் வாங்கலாமா, எந்தத் தேதி வரை, நிர்வாகம் ஏற்றுக்கொண்டபின் முடியுமா என்பது அந்தத் திட்டத்தின் காகிதத்திலேயே எங்காவது இருக்கும். அது இல்லாத கடிதமானால், இல்லை என்பதையே எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். வாய்ச்சொல்லாக மேனேஜர் சொன்னது கணக்கில் வராது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் இருப்பேன். கடிதம் வந்தவர்கள் கையெழுத்துப் போடாமல் அப்படியே கொண்டுவாருங்கள். சம்பளச் சீட்டு, பி.எப். எண், வேலையில் சேர்ந்த உத்தரவு, எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். வீட்டில் உள்ள பெண்களையும் அழைத்து வாருங்கள். பல வீடுகளில் அந்தக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.