பழுது பார்த்த பின் தடுமாறும் எஞ்சின்

வீட்டிலேயே ஸ்பார்க் பிளக்கோ ஏர் ஃபில்ட்டரோ மாற்றப்பட்ட பிறகு கார் ஸ்டார்ட் ஆகாமலோ குலுங்கி ஓடியோ தொல்லை தருமானால், வேறெங்கோ புதுக் கோளாறு முளைத்திருக்கும் என்று கருதாமல், கடைசியாகக் கை பட்ட இடத்திலிருந்தே தேடத் தொடங்குவது முறையாகும். சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை சரிவரப் பற்றாமல் போவதையே மிஸ்ஃபயர் என்பர். நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் எரிதல் 1-3-4-2 என்ற வரிசையில் நிகழ்வதால், பிளக்குகளுக்கு மின்சாரத்தை வரிசைப்படி பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளில் இரண்டு பிளக் வயர்கள் இடம் மாறினாலே இந்தத் தடுமாற்றம் வந்துவிடும்.

சிலிண்டருக்கு ஒன்றாக, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கொண்ட கார்களில், கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் பி0302 என்று காட்டினால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று பொருள். அதன் காயிலை மூன்றாம் சிலிண்டரின் காயிலோடு மாற்றிப் பொருத்தி ஓட்டும்போது குறியீடு பி0303 ஆனால், பழுது காயிலில்தான் என்பது செலவின்றித் தெரிந்துவிடுகிறது. குறியீடு மாறாவிட்டால், பொருத்தும்போது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்த எளிய சோதனைகளைச் செய்யாமல் உதிரிபாகங்களை வாங்கிக் குவிப்பது வருந்தத்தக்கது.

திரும்ப மாட்டப்படாத வேக்குவம் குழாய் வழியே கணக்கில் வராத காற்று நுழைந்தாலும், ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில் எஞ்சின் திணறும். ஸ்டார்ட்டர் வெறுமனே 'டிக்' என்றால், பேட்டரி 12.6 வோல்ட் காட்டினாலும் அதன் முனைகள் தளர்ந்திருக்கலாம். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னும்போதோ வண்டியை ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று, நச்சு வாயுக்களைத் தணிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அளவு மீறிச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.