கையெழுத்து யார் போடுவது?



தாராவியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் தோல் பட்டறையில் வேலை செய்கிறார். மனைவி இட்லி அவித்து விற்கிறார். ஒரு நாள் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். சயான் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். உயிர் இருக்கிறது. நினைவு இல்லை. "கோமா" என்கிறார் டாக்டர்.

செலவுக்குப் பணம் வேண்டும். பணம் வங்கியில் இருக்கிறது. ஆனால் கணக்கு கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது.

"அவர் கையெழுத்து வேண்டும் அம்மா" என்கிறார்கள் வங்கியில்.

"நான்தானே நாமினி?" என்கிறார் மனைவி.

நாமினியிடம் பணம் கொடுப்பது கணக்குக்காரர் இறந்த பிறகுதான். இவர் உயிரோடு இருக்கிறாரே!

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொல்கிறார். "அண்ணி, அவர் விரலில் மை தடவித் தாளில் வைத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?"

இதைச் செய்யவே கூடாது. நினைவோடு இருக்கும் நோயாளி, சாட்சிகள் முன்னால் கைநாட்டு வைக்கலாம். சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். நினைவில்லாதவர் விரலைப் பிடித்து வைப்பது மோசடி. வைத்தவர் மீதே வழக்கு வரும்.

அப்படியானால் என்ன வழி?

சின்னப் பிள்ளைக்குப் பெற்றோர் காப்பாளர். ஆனால் வளர்ந்த மனிதருக்கு, மனைவியே ஆனாலும், தானாகக் காப்பாளர் ஆக முடியாது. கோமாவில் கிடப்பவருக்குக் காப்பாளரை நியமிக்கத் தனிச் சட்டமும் இல்லை. அதனால் உயர்நீதிமன்றம் தன் அதிகாரத்தைக் கொண்டு நியமிக்கிறது.

2020-இல் ஒரு மனைவி மும்பை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கணவர் கோமாவில் இருந்தார். நீதிமன்றம் மனைவியையே காப்பாளராக நியமித்தது. அவரைக் கண்காணிக்கும் வேலையை மாநிலச் சட்டப்பணிகள் ஆணையத்திடம் கொடுத்தது.

2024-இல் தமிழ்நாட்டில் இன்னொரு மனைவி போனார். முதலில் "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. மேல்முறையீடு செய்தார். சென்னை உயர்நீதிமன்றம் அவரைக் காப்பாளர் ஆக்கியது. கணவர் சொத்தை விற்கவும் அனுமதித்தது. பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வங்கியில் போடச் சொன்னது.

ஏன் அப்படி? காப்பாளர் வேறு, சொந்தக்காரர் வேறு. பணம் கணவருடையது. அவர் வைத்தியத்துக்கும் குடும்பத்துக்கும்தான் செலவு செய்ய வேண்டும். கணக்கு எழுதி வைக்க வேண்டும்.

"கோர்ட்டுக்குப் போகக் காசு ஏது?" என்று கேட்பீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்க்கமாட்டார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

வெள்ளம் வருமுன் அணை போடுவதே நல்லது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் கணக்கு வையுங்கள். "ஈதர் ஆர் சர்வைவர்" என்று எழுதச் சொல்லுங்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்பது அதன் பொருள். ஒருவர் படுத்துவிட்டாலும் மற்றவர் கை ஓயாது.

இன்று வீட்டுக்குப் போனதும் வங்கிப் புத்தகத்தை எடுங்கள். முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது? உங்கள் பெயர் இருக்கிறதா?