நிலையை இடிக்க வேண்டாம்

புது ஃபிரிட்ஜ் வீட்டுக்கு வந்துவிட்டது. சமையலறை வாசலில் மட்டும் இடிக்கிறது. உடனே கொத்தனாரைத் தேட வேண்டாம். திறந்து நிற்கும் கதவின் கனமே வழியில் 1½ அங்குலம் வரை அடைத்துக்கொள்ளும். கைப்பிடி இன்னும் கொஞ்சம். கதவைக் கழற்றினால் அந்த இடம் கிடைத்துவிடும்.

முதலில் நிலையின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் அகலம், ஆழம் இரண்டையும் பாருங்கள். ஒரு பக்கம் நுழையாதது மறுபக்கம் நுழையலாம்.

கதவுக்கு அடியில் ஆப்பு வைத்து, ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழ்க் கீலைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மேல் கீல் கடைசியில். மாற்றிச் செய்தால் கதவு ஆள்மேல் சாயும். தேக்குக் கதவென்றால் எலும்பே முறியும். திரும்ப மாட்டும்போது மேல் கீல் முதலில்.

பழைய துளையில் திருகாணி பிடிக்காமல் சுற்றுகிறதா? மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்தபின் முடுக்குங்கள். இறுகிக்கொள்ளும்.

இன்னொன்று. ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். அது திரும்பி இறங்க, நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் பொறுங்கள்.