இதயம் நிதானமானால் படம் தெளியும்

(மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம் அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில் ‘சி.டி. ஆஞ்சியோ’ என்ற பெயர் இப்போது அடிக்கடி வருகிறது. கூடவே, “கதிர்வீச்சு அதிகமாமே, எடுக்கலாமா?” என்ற கேள்வியும் வருகிறது. நான் டாக்டர் அல்ல. போன வருடம் எனக்கே எடுத்தார்கள். அப்போது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு இயல்பாகவே வந்து சேர்கிறது. 2007-இல் பல நாட்டு மருத்துவமனைகளில் கணக்கெடுத்தபோது, இதய ரத்தக்குழாய் சி.டி. ஒன்றுக்கு சுமார் 12 மில்லிசீவர்ட் ஆனது. 2017-இல் மறுபடி கணக்கெடுத்தபோது, கதிரின் அளவு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

எப்படி இறங்கியது? ஓடுகிற பிள்ளையைப் படம் எடுத்தால் முகம் கலங்கிவிடும். இதயமும் அப்படித்தான். ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே அது ஒரு கணம் அசையாமல் இருக்கும். முன்பெல்லாம் துடிப்பு முழுக்கக் கதிரைப் பாய்ச்சி, பிறகு நல்ல படத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். இப்போது இ.சி.ஜி.யைப் பார்த்து அந்தக் கணத்தில் மட்டும் கதிரை விடுகிறார்கள். நாடித்துடிப்பு சீராக, நிமிடத்துக்கு 65-க்குள் இருந்தால் இது நன்றாக அமையும். வேகமாக அடித்தால் கதிர் கூடும், படமும் கலங்கும்.

நானோ இரண்டு காபி குடித்துவிட்டு, வெயிலில் அவசரமாகப் போய் இறங்கினேன். நாடி 90-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்த பிறகே எடுத்தார்கள். தவறு என்னுடையது.

ஆகவே முதல் நாளிலிருந்தே காபி, டீ, சிகரெட்டைத் தவிருங்கள். முன்னதாகப் போய் அமைதியாக உட்காருங்கள். மூச்சைப் பிடித்து அசையாமல் இருக்க வீட்டிலேயே பழகுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டு போங்கள்.

“கதிரை ரொம்பக் குறைச்சு எடுங்க” என்றும் கேட்காதீர்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் படம் புள்ளி புள்ளியாகி, மறுபடி எடுக்க நேரும். ஒல்லியானவருக்குக் குறைவாகவும் பருத்தவருக்குக் கூடுதலாகவும் தேவைப்படும். “என் உடம்புக்கு ஏற்ற அளவு வைப்பீர்களா?” என்று கேளுங்கள், அது போதும்.

டாக்டர் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் பயந்து தள்ளிப்போட வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாமல், சலுகை விலை என்பதற்காக எடுக்கவும் வேண்டாம். டாக்டர் சீட்டு இருந்தால்தான் நம் நிதியிலிருந்து உதவி தரப்படும்.

கடைசியாக ஒன்று. நெஞ்சை அழுத்தி வலித்து, வியர்த்துக் கொட்டினால் ஸ்கேன் சென்டரைத் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள், ஜிப்மரோ, அருகில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோ, அவசரப் பிரிவுக்கு உடனே போய்விடுங்கள்.

உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அதை அறிவோடு பேணுவோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.